கொரியாவுக்குப் பரஸ்தானம்

நவக்கிரக யாத்திரைக்கு மூன்று தடவை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒருவரையும் தொலைக்காமல் மயிலாப்பூருக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவள் நான். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு கொரியாவையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று பிறகு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அடிக்கிற உரிமை உள்ளவர்கள் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்கள்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு என் முழங்கால்தான் காரணம். பாண்டி பஜாரில், அவ்வளவு அகலமாகப் போட்டிருக்கிறார்களே அந்த நடைபாதை, அதில் யாருமே விழாத இடத்தில் விழுந்தேன். கட்டுப் போட்டு உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து மகள் போனிலேயே டிவியில் எதை எதையோ அமுக்கச் சொல்லி, ஒரு கொரியத் தொடரைப் போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள், கொரியா ஒரு தீபகற்பம் என்பதற்கு மேல் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது அந்த ஊரில் பணக்கார மாமியார்கள் எந்தப் பேட்டையில் இருப்பார்கள், ஏழைக் கதாநாயகி எந்த மொட்டை மாடி அறையில் வாடகைக்கு இருப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

"ஏண்டி அழற?" என்று என் கணவர் பேப்பரைத் தாழ்த்திக் கேட்பார்.

"அவனுக்கு ஞாபகம் போயிடுத்து."

"அது போன வாரமே போயிடுத்தே?"

"அது வேற கதை. வேற பையன்."

"அந்த ஊர்ல யாருக்காவது ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டுவிட்டுப் பேப்பருக்குள் போய்விடுவார்.

என்னைவிடப் பெரிய பைத்தியம் ஒருத்தி குடும்பத்திலேயே இருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் நாத்தனார். ஆதம்பாக்கத்தில் இருக்கிறாள். அவள் மாமியார் பல வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, கைபேசியில் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, கீழே ஓடும் ஆங்கில எழுத்தை மட்டும் படித்துப் படித்து கொரியத் தொடர்களைப் பார்த்திருக்கிறாள். சத்தம் கேட்டால் மாமியார் முழித்துக்கொள்வார். முழித்தால் கூப்பிடுவார். மாமியார் போய்க் கொஞ்ச நாள் கழித்து முதல் தடவையாகச் சத்தத்தோடு ஒன்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினாள். "மன்னி, இவா எல்லாருக்கும் குரல் இப்படியா இருக்கும்? நான் வேற மாதிரின்னா நெனச்சுண்டிருந்தேன்!" என்று சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

போவதானால் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு இடைவெளி. மாமியாரின் முதல் வருஷத் திதி, வருஷாப்தீகம், தையில் முடிந்தது. அமெரிக்காவில் இருக்கும் அவள் மகளுக்கு வைகாசியில் பிரசவம். சித்திரைக் கடைசியில் கிளம்ப விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது, ஆறு மாதத்துக்கு. அதற்கப்புறம் குழந்தை, பேறுகாலம், இங்கே வந்தால் கணவரின் சர்க்கரை வியாதி. அதுவும் ஓய்ந்தால் இரண்டாவது மகள் தயாராக இருக்கிறாள். பங்குனியில் ஒரு பத்து நாள்தான் அவளை யாரும் கேட்காத பத்து நாள். இதை விட்டால் அப்புறம் அவளுக்கு எழுபது வயதாகிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான், "வாடீ, நான் அழைச்சுண்டு போறேன்" என்றேன்.

மூன்றாவது ஆள், என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திய டீச்சர். சாந்தோம்காரர். அவர் பாட்டன் முப்பாட்டன் எல்லோரும் அதே பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். நாங்கள் ஒருவரையொருவர் இன்னமும் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் கொரியப் பாட்டுக்காரப் பையன்களின் ரசிகை. பேத்தி மூலமாகத் தொற்றிக்கொண்டதாம். ஏழு பையன்களையும் தனித்தனியாக அடையாளம் சொல்வார். எனக்கு அந்தக் கலர்த் தலைமுடியை வைத்துத்தான் அடையாளம், அதையும் மாதாமாதம் மாற்றிவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் திட்டம் போட்டோம். போட்டோம் என்ன, நான் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே முறை நவக்கிரக முறை. இருட்டோடு எழுந்து, குளித்து, வேனில் ஏறி, இரண்டாவது கோயில் வாசலில் இட்லி, உச்சிக்காலத்துக்குள் நாலு கோயில். அதே அச்சில் சியோலை வார்த்தேன். காலை ஐந்தரைக்கு முதல் அரண்மனை. ஆறரைக்கு இரண்டாவது. தி.நகரில் சுற்றுலா ஏஜென்சியில் இருந்த பெண் இதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மேடம், அரண்மனை ஒன்பது மணிக்குத்தான் திறப்பாங்க."

"விடியக்காலம் விஸ்வரூப தரிசனம் மாதிரி ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டேன். சத்தியமாக, அந்த வார்த்தையிலேயே கேட்டேன்.

டீச்சர் மிஸ் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த ஊர் உடையை வாடகைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு போனால் அரண்மனைக்குள் சும்மா விடுவார்கள் என்று அந்தப் பெண் சொன்னதும், என் சைஸுக்குக் கிடைக்குமா என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தேன். "எல்லா சைஸும் இருக்கும் மேடம்" என்று அவள் சொன்ன விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னோட்டம் பார்க்க அடையாறில் ஒரு கொரிய ஹோட்டலுக்குப் போனோம். எதைக் கேட்டாலும் அதில் மீன் தண்ணீரோ இறால் பொடியோ இருந்தது. பணியாள் பையன் பாவம், ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து தலையை ஆட்டினான். கடைசியில் நானும் நாத்தனாரும் வெறும் சாதமும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டோம். எங்கள் பங்கையும் சேர்த்து டீச்சர் மிஸ் சாப்பிட்டு, "இயேசுவுக்கே புகழ்" என்றார். அன்றே புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரெடிமேட் உப்புமா, ஒரு குட்டி ரைஸ் குக்கர் என்று எழுதிவிட்டேன். பத்து நாளுக்கு ஒரு கல்யாணச் சமையலறை.

நாத்தனாரை ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "உனக்கு எங்கே போகணும்டீ? சொல்லு, சேர்த்துக்கலாம்."

"உங்க இஷ்டம் மன்னி. நீங்க பண்ணினா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு அது ரொம்பச் சௌகரியமாக இருந்தது. அவளுக்கு ஒன்றும் தனியாக வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் பங்கு நேரத்திலும் எனக்குப் பிடித்த நடிகர் நடந்த பாலம், எனக்குப் பிடித்த நடிகர் அழுத பெஞ்சு என்று செருகிவிட்டேன்.

விசா வந்தது. மூன்று பாஸ்போர்ட்டும் ஒரே கவரில் என் கைக்கு வந்தன. தலைவி நான்தானே, நானே வைத்துக்கொண்டேன். அப்போதுதான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். விமானம் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அஷ்டமி. போதாததற்கு வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. சியோல் சென்னைக்கு வடகிழக்கு. வடகிழக்கு என்றால் எவ்வளவு வடக்கு, எவ்வளவு கிழக்கு என்று என் பழைய அட்லஸை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பூகோளப் படிப்பு எனக்கு வாழ்க்கையில் நேரடியாகப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான். சூலம் கொஞ்சம் இடிக்கிறது என்றே தோன்றியது.

இதற்கெல்லாம் எங்களிடம் வழி இருக்கிறது. பரஸ்தானம். கிளம்ப வேண்டிய நாள் சரியாக இல்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நாம் போகிற திசையில் இருக்கும் வேறொருவர் வீட்டில் நம் பையைக் கொண்டு வைத்துவிட வேண்டும். பை புறப்பட்டால் நாமே புறப்பட்ட மாதிரி. அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் பையை எடுத்துக்கொண்டு போகலாம், தோஷமில்லை. ஒரே நிபந்தனை, வைத்த பையை நம் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

எல்லோரும் ஒரு மாற்றுப் புடவையும் மஞ்சளும் கொஞ்சம் அரிசியும் வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. வெளிநாட்டுக்குப் போகிறவள் எது இல்லாமல் போக முடியாதோ, அதைப் புறப்படப் பண்ணினால்தானே புறப்பட்டதாக அர்த்தம்? இது எந்த சாஸ்திரத்திலும் இல்லை. நானே உண்டாக்கியது. வெள்ளிக்கிழமை காலை நல்ல ஹோரையில், மஞ்சள் துண்டு, அரிசி, புதுத் துண்டு, அவற்றின் மேல் மூன்று பாஸ்போர்ட்டும் வைத்து, கைபேசியில் திசைகாட்டி பார்த்து, எங்கள் குடியிருப்பின் வடகிழக்கு மூலையில் இரண்டாவது மாடியில் இருக்கும் மாமி வீட்டு ஷெல்ஃபில் கொண்டு வைத்தேன். "பத்திரமா இருக்கும், கவலையே படாதேள்" என்றார் மாமி. ரொம்பப் பத்திரமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை, மறுநாள் பையை எப்போது எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்கப் போனால், வாசலில் பூட்டு தொங்கியது. மாமி கைபேசிக்கு அடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் பக்திப் பாட்டு பாடியது. கைபேசியும் உள்ளே. கீழே ஓடிப்போய் வாட்ச்மேனைக் கேட்டேன்.

"அவுங்க சனிக்கிழமயே ஊருக்குப் பூட்டாங்கமா. அய்யாவோட அண்ணன் தவறிட்டாராம். கும்பகோணம் பக்கம் ஏதோ ஊரு."

"எப்ப வருவா?"

"எல்லாம் முடிச்சிக்கினுதான் வருவாங்க. பதிமூணு நாளு ஆவும்."

மாமாவிடம் கைபேசி கிடையாது, அது கெடுதல் என்று சொல்கிற ஜாதி. ஊர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. இதெல்லாம் ஒரு பக்கம் என்றால், இன்னொன்றும் உறைத்தது. மாமாவின் சொந்த அண்ணா. பங்காளித் தீட்டு. அஷ்டமி ஆகாது, சூலம் ஆகாது என்று பொத்திப் பொத்தி நான் முன்கூட்டி அனுப்பி வைத்த மங்களகரமான பை, பத்து நாள் தீட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது என்றால் என்னை என்ன சொல்வது.

அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைத் தேடிக்கொண்டு நாத்தனார் வந்தாள். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் பிடித்து, பெட்டியைத் தானே உருட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலையில் பூ. புதுச் செருப்பு. பின்னாலேயே டீச்சர் மிஸ்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்கேல் வைத்துப் பார்த்தது வரைக்கும்.

டீச்சர் மிஸ் படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "நாங்க ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு பஸ் ஏறிடுவோம் மிஸ்" என்றார்.

நாத்தனார் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. கத்தினாள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், மாடிப்படி எதிரொலிக்கக் கத்தினாள். "அஷ்டமியாம், சூலமாம்! எங்காத்துல எல்லாம் நாள் பார்த்துத்தான் பண்ணினா மன்னி, எனக்கு என்ன நல்லது நடந்துது? இந்தப் பத்து நாளுக்காக நான் எத்தனை பேர்கிட்ட கெஞ்சிருக்கேன் தெரியுமா? என்னோட பாஸ்போர்ட்டை என்னைக் கேக்காம எதுக்குத் தூக்கிண்டு போனேள்?"

மேல்மாடியில் யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இவள் போக முடியாமல் போனால் நான் அப்புறம் இவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைபேசியை எடுத்தாள். ஒரு வருஷம் முழுக்க மாமியாருக்கு மாசாமாசம் காரியம் பண்ணி வைத்ததில், மயிலாப்பூர்ப் புரோகித வாத்தியார்களில் பாதிப் பேர் அவளுக்குப் பழக்கம். தன் வாத்தியாரிடம் சொன்னாள். அவர் மாமா வீட்டு வாத்தியார் யார் என்று கண்டுபிடித்தார். அவர், கும்பகோணத்தில் காரியம் பண்ணி வைக்கிறவரின் நம்பரைக் கொடுத்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அரை மணிக்குள், ஏதோ ஒரு ஆற்றங்கரையில் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்த மாமாவின் காதில் யாரோ போனை வைத்தார்கள்.

"வைத்தியத்துக்குப் போறோம்னு சொல்லுடீ" என்று நான் கிசுகிசுத்தேன். துக்க வீட்டுக்குப் போன் போட்டு நடிகர் அழுத பெஞ்சைப் பார்க்கப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"மாமா, இந்த நேரத்துல உங்களைத் தொந்தரவு பண்றது தப்பு. எங்க பாஸ்போர்ட் உங்காத்துக்குள்ள மாட்டிண்டிருக்கு. நாளைக்கு நான் கொரியாவுக்குப் போகணும்."

"எங்கே?"

"கொரியா, மாமா."

"உத்தியோக விஷயமா?"

"இல்லை மாமா. சும்மா ஊர் சுத்திப் பார்க்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் மாமா குரல் கேட்டது. "பூட்டை உடைச்சுக்கோம்மா. செக்ரட்டரியைப் பக்கத்துல வெச்சுக்கோ. எங்கண்ணாவும் பத்ரி போகணும், பத்ரி போகணும்னு சொல்லிண்டே இருந்தான்."

சைதாப்பேட்டையிலிருந்து பூட்டுக்காரர் வந்தார். எங்கள் மூன்று பேரையும், பக்கத்தில் சாட்சிக்கு நின்ற குடியிருப்பு செக்ரட்டரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாமா, உள்ள இன்னா கீது? நகையா?"

"பாஸ்போர்ட்."

"எங்க போறீங்கோ?"

"கொரியா."

"அங்க இன்னா கீது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பத்து நாளுக்குப் பதில் இருந்தது, வேளாவேளைக்கு. அன்றைக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பூட்டு திறந்துகொண்டது.

வாசல்படியில் என் கால் நின்றது. தீட்டு வீடு. டீச்சர் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். "மிஸ், உங்களுக்குத்தான் இதெல்லாம் கிடையாதே. நீங்க போய் எடுத்துண்டு வந்துடுங்கோளேன்."

"நான் தொட்டா மூணு பாஸ்போர்ட்டும் கத்தோலிக்கமாயிடும் மிஸ். பரவாயில்லையா?" என்றார் அவர்.

நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் உள்ளே போய்ப் பையோடு திரும்பி வந்துவிட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்து, அரிசியையும் மஞ்சளையும் ஒதுக்கிவிட்டு மூன்றையும் எடுத்தாள். டீச்சர் மிஸ்ஸுடையதை அவரிடம் கொடுத்தாள். என்னுடையதை என்னிடம் கொடுத்தாள். தன்னுடையதைத் திறந்து, விசா ஒட்டிய பக்கத்தைப் பார்த்தாள்.

நான் கையை நீட்டினேன். பழக்க தோஷம். "கொடு, மூணையும் சேர்த்து நானே வெச்சுக்கறேன். பத்திரமா இருக்கும்."

என் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் போய்விட்டிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பாஸ்போர்ட்டைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"மன்னி, அந்தப் பத்து நாள்ல ஒரு நாள் எனக்கு வேணும். நான் தனியாப் போயிட்டு வரேன்."

"எங்கேடீ?"

"தெரியாது. நடப்பேன்."

"பாஷை தெரியாத ஊர்ல வழி தப்பிப் போயிட்டேன்னா? கைபேசியை ஆன்ல வெச்சுக்கோ. மணிக்கொரு தரம் கூப்பிடறேன்."

அவள் சிரித்தாள். "அதுதான் மன்னி வேண்டாம்கறேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடாதேள்."